பெக்காத பொண்ணுக்கு அப்பன்

இல்லீங்க ஐயா, அந்தப் பக்கம் உக்காராதீங்க. காத்து ஜாடிங்க பக்கத்துலேருந்து அடிக்குது. கூனி இறால் உப்புல ஊறுற வாடை பழகாதவங்களுக்குத் தலையைச் சுத்தும். இப்படி இந்தப் பாய்க்கு வாங்க. உங்க குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சு. தலைநகரத்துக் குதிரை போல, எங்க ஊர்த் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்புறம் வேற வழியில்லாம குடிச்சிருச்சு.

உத்தரவை நீங்க படிச்சீங்க, நானும் மண்டி போட்டுக் கேட்டேன். பாதி வார்த்தை சீனத்து வார்த்தை. எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. பழைய ராஜா போய்ச் சேந்து துக்கக் காலமும் முடிஞ்சிருச்சு. அவரோட தம்பி இப்ப ராஜா. அவருக்கு ஒரு ராணி வேணும். அதுக்காகப் பனிப்பூ மாளிகை அரசியார், அதாவது பழைய ராஜாவோட ராணி, அதாவது உள்ள இருக்கிற எங்க பொண்ணு ஹேரான், இன்னைக்கே உங்ககூடப் பொறப்பட்டு அரண்மனைக்கு வரணும். ஆனா பியோங்கிற எங்க வீட்டுப் பேரோட வரக்கூடாது, ஹான் வீட்டுப் பேரைப் போட்டுக்கிட்டு வரணும். அதனால இந்தப் பியோ மான்சொக் இனிமே அவளுக்கு அப்பன் இல்ல. அப்பனுக்குன்னு குடுத்த தொப்பியையும் கச்சையையும் உங்க கையில ஒப்படைச்சுரணும். அதானே?

அதேதான்னு தலையாட்டுறீங்க.

தர்றேன், தர்றேன். தராம எங்க ஓடிறப் போறேன்? அவ தலை பின்னிக்கிட்டிருக்கா. ராணி தலைன்னா சும்மாவா, எங்க வீட்டம்மாவும் இன்னும் நாலு பொம்பளைங்களும் சேந்து பின்னினாலும் பாதி நாள் ஆகும். வாசல்ல என்ன கூட்டம்னு பாக்குறீங்களா? இன்னைக்கு ஜாடி திறக்கிற நாள். ஊரே வரும். நீங்க இந்த அரிசிக் கள்ளை ஒரு வாய் குடிங்க. வேலையா இருக்கும்போது குடிக்க மாட்டீங்களா? இது குடிக்கிறதுல சேத்தி இல்லீங்க, எங்க ஊர்ல கைக்குழந்தைக்கே விரல்ல தொட்டு வைப்போம்.

நீங்க வேலைக்குப் புதுசோ? அதான் பாத்தேன். பழைய ராஜாவுக்குப் பொண்ணு கேட்டு மொதல்ல வந்தவரு வேற ஆளு. நெஞ்சு வரைக்கும் தாடி. சடங்கு இலாக்காவுல பெரிய தலை. செத்துட்டாரா? அடப் பாவமே. நல்ல மனுசன், கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுருவாரு.

அவரு மாட்டு வண்டியில வர்றாருன்னு தெரிஞ்சதுமே நான் ஓடிப்போய் உப்பு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். மதில் கட்ட ஆள் புடிக்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டம்மா யோன்சில் வாசல்ல நின்னு, அவரு கடலுக்குப் போயிருக்காரு, திரும்பி வர்ற மாதிரி தெரியலன்னு அழுது காட்டினா. இந்தத் தாடி ஐயா நேரா மூட்டைக்குப் பின்னாடி வந்தாரு. எனக்குத் தலை மட்டும்தான் மறைஞ்சிருக்கு போல. என் பின்பக்கத்தைப் பாத்து மண்டி போட்டுக் கும்பிட்டாரு. ராஜாவோட மாமனாரே, வெளிய எழுந்தருளணும்னாரு.

நான் வெளிய வந்து, ஐயா எனக்குப் பொண்ணே இல்லீங்களேன்னேன். இப்ப இருக்குன்னாரு.

சிரிக்காதீங்க. எங்களுக்குப் புள்ளையே இல்ல. யோன்சில் போகாத கோயில் இல்ல, புத்தர் முன்னாடி அவ விழுந்து எந்திரிச்சதுல கோயில் பலகையே தேஞ்சு போச்சு. அப்படிப்பட்டவகிட்ட வந்து, உனக்குக் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கு, ராஜாவுக்குக் கட்டிக் குடுக்கப் போறோம்னா அவ என்ன பண்ணுவா? அப்படியே உக்காந்துட்டா. உக்காந்தது கூனி அண்டாவுக்குள்ள.

விசயம் என்னன்னா, அப்ப இருந்த ராஜா, இப்பச் செத்துப் போனவரு, கட்டிக்கப் போற பொண்ணு அவரோட அப்பாவோட பொண்ணு. அம்மா மட்டும்தான் வேற. அப்ப அது தங்கச்சியாச்சேன்னு கேட்டேன். தாடி ஐயா ஓடி வந்து என் வாயைப் பொத்துனாரு. அரச ரத்தம் வெளிய போகக் கூடாது, அதனால அரச வீட்டுக்குள்ளயேதான் கட்டணும். ஆனா தங்கச்சியக் கட்டுறது தப்பு. அதனால அந்தப் பொண்ணு அவ அம்மாவோட அம்மா வீட்டுப் பேரைப் போட்டுக்கிட்டா அவ தங்கச்சி இல்ல. எவ்வளவு சுளுவா முடிஞ்சிருச்சு பாருங்க! அந்த அம்மாவோட அம்மா யாருன்னா எங்க அத்தை. எங்க அப்பாகூடப் பொறந்தவ. ஒரு படகுக்காரனோட தலைநகருக்குப் போனவ, திரும்பியே வரல. போனவ பெத்த பொண்ணு அரண்மனைக்கு வேலைக்குப் போய், ராஜாவோட அப்பா, அந்தக் கிழ ராஜா, கண்ணுல பட்டு, அது பெத்தது இது. ஆக, அப்பன் பேரை எடுத்தாச்சுன்னா பொண்ணுக்கு வேற அப்பன் வேணுமில்லையா? பியோ வீட்டுல உயிரோட மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான்.

தேடாமலே வந்த சீதேவின்னு வச்சுக்குங்களேன். ஆனா அந்தச் சீதேவி வர்றதுக்குள்ள எங்களைப் படுத்தின பாடு! எந்தத் தாய்க்கும் புள்ளை உண்டாகும்போது ஒரு கனவு வருமில்ல, அதை எழுதி வைக்கணுமாம். ராணியோட தாய்க்கு என்ன கனவு வந்துச்சுன்னு யோன்சிலைக் கேட்டாரு. அவ சொல்லிட்டா, நான் சுமக்கவே இல்லீங்க, எனக்கு எப்படிக் கனவு வரும்னு. சும்மா சொல்லும்மா, கடல் நாகம் வந்துச்சா, தாமரை வந்துச்சாங்கிறாரு. இவ பொய் சொல்லத் தெரியாதவ. ரொம்ப யோசிச்சு, ஒரே ஒரு கனவு ஞாபகம் இருக்குங்க, ஒரு வாத்து எங்க வீட்டுக் கருவாட்டைத் தூக்கிக்கிட்டுப் போச்சு, நான் துடைப்பத்தை எடுத்துக்கிட்டு விரட்டினேன்னா. தாடி ஐயா கொஞ்ச நேரம் வானத்தைப் பாத்தாரு. அப்புறம், வெண்பறவை ஒன்று கடலின் செல்வத்தை வானுக்கு ஏந்திச் சென்றது, அன்னை செங்கோல் ஏந்திப் பின்தொடர்ந்தாள்னு எழுதிக்கிட்டாரு. படிச்சவங்க படிச்சவங்கதான்.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. பொண்ணு அரண்மனையிலதான் பொறந்துச்சு, அரண்மனையிலதான் வளந்துச்சு, கட்டிக்கிட்டுப் போகப் போறதும் அதே அரண்மனைக்குத்தான். ஆனா பொண்ணுன்னா பொறந்த வீட்டுலேருந்துதானே பொறப்படணும்? அதனால பின்வாசல் வழியா முக்காடு போட்டுக் கூட்டிக்கிட்டு வந்து, எங்க வீட்டுல ஒரு ராத்திரி வச்சிருந்து, மறுநாள் மேளதாளம் குடை கொடியோட திரும்பக் கூட்டிக்கிட்டுப் போய் முன்வாசல் வழியா உள்ள விட்டாங்க. பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் நடுவுல எங்க ஊரு. இதுக்குப் பல்லக்குத் தூக்கினவங்க எட்டுப் பேரும் எங்க வீட்டுலதான் முதுகுக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டுக் கிடந்தாங்க.

அந்த ஒரு ராத்திரிதாங்க.

இந்த ஜாடிங்களுக்கு நடுவுல பட்டுத் துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தா. சின்னப் பொண்ணு. அழக்கூட இல்ல. அவ அப்பா, அந்தக் கிழ ராஜா, செத்து அப்பத்தான் துக்கம் முடிஞ்சிருக்கு. யோன்சில் என்ன குடுக்குறதுன்னு தெரியாம வாற்கோதுமைச் சோறும் கூனியும் வச்சா. அந்தப் பொண்ணு ஒரு வாய் எடுத்து வச்சுது. கண்ணு விரிஞ்சுது. அப்புறம் மடமடன்னு தின்னுது. தின்னு முடிச்சுக் கிண்ணத்தை நீட்டி, அப்பா இன்னும் கொஞ்சம்னு கேட்டுச்சு. தாடி ஐயா சொல்லிக் குடுத்த வார்த்தைதான் அது. அப்பான்னு கூப்பிட்டுப் பழகணும்னு வண்டியில வரும்போதே ஒப்பிக்க வச்சிருக்காரு. எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனா அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லீங்க. கிண்ணத்தை வாங்கிக்கிட்டு உள்ள போனவன் வெளிய வர ரொம்ப நேரமாச்சு.

கள்ளு ஆகாதுன்னா இந்த முள்ளங்கியாவது கடிங்க. தலை பின்னி முடிஞ்சா சத்தம் குடுப்பாங்க. அவசரப்பட்டா சிக்கு விழும்.

அரண்மனையில என்ன பண்ணினான்னு கேக்குறீங்களா? ராணின்னா ஊரே வாயைப் பொளக்கும், எங்க ஊர் ஓக்பூன் அக்காகூட, ராணியம்மா தங்கத்துல பல் விளக்குவாங்களாமேன்னு கேப்பா. கல்யாணத்தன்னைக்கு ராத்திரி ராஜா உள்ள வந்தாராம். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. ராஜாதான் மொதல்ல கேட்டாராம், அன்னைக்குத் தாமரைக் குளத்துல என்னைத் தள்ளிவிட்டது நீதானேன்னு. ஆமா, என் காத்தாடிய ஏன் மிதிச்சேன்னு இவ கேட்டாளாம். அப்படியே கட்டம் போட்ட பலகைய எடுத்து வச்சு விடிய விடிய கல்லு வச்சு விளையாடியிருக்காங்க. ராஜா கள்ளாட்டம் ஆடுவாராம். இவ கையில தட்டுவாளாம். வெளிய காது வச்சுக் கேட்டுக்கிட்டிருந்த கிழவிங்க, சத்தம் நல்லாத்தான் வருது, சீக்கிரம் இளவரசன் பொறந்துருவான்னு பேசிக்கிட்டாங்களாம்.

எங்க பொறக்கிறது? ராஜா வந்தாலே மத்த ராணிங்க போடுற சண்டையப் பத்திப் புலம்புவாரு, ரெண்டாட்டம் ஆடுவாரு, குறட்டை விட்டுருவாரு. அண்ணன் தங்கச்சி வீட்டுக்கு வந்தா வேற என்ன செய்வான்? ஐயோ, வாயைப் பொத்த வராதீங்க. தாடி ஐயா மாதிரியே நீங்களும். அண்ணன்னு சொல்லல. ராஜான்னு சொல்றேன். வைத்தியருங்க புள்ளை உண்டாகக் கசாயம் கசாயமா அனுப்பினாங்க. இவ அதையெல்லாம் தொட்டியில இருந்த மாதுளைச் செடிக்கு ஊத்திட்டா. அந்தச் செடி காய்ச்சுத் தள்ளிருச்சு.

ஆனா ஐயா, அவ சிரிச்சுச் சிரிச்சுச் சொல்வா, கேக்குற எனக்குச் சிரிப்பு வராது. அவ்வளவு பெரிய மாளிகையில நடக்கிறதுக்கு ஒரு அளவு, பேசுறதுக்கு ஒரு அளவு. வெளிய தெரு எப்படி இருக்கும்னு பாக்க சன்னல் காகிதத்துல விரலால ஓட்டை போட்டாளாம். மறுநாளே புதுக் காகிதம் ஒட்டிட்டாங்களாம்.

அழுகை விசயத்தைச் சொல்றேன், அதுதான் பெரிய கதை. கிழ ராஜாவோட திதி வந்துச்சு. எல்லா ராணிகளும் வரிசையா நின்னு அழணும். இவ அப்பான்னு கத்திட்டா. பெத்த அப்பன் ஆச்சே, வாய் வராதா? சடங்கு இலாக்காவே ஓடி வந்திருக்கு. அரசியாரே, அவரு உங்களுக்கு அப்பா இல்ல, வீட்டுக்காரரோட அப்பா, மாமான்னு அழணும்னு. இவ மாமான்னு ஒரு தடவை சொல்லிப் பாத்திருக்கா. சிரிப்பு வந்துருச்சாம். அடக்க அடக்கப் பொத்துக்கிட்டு வந்துருச்சாம். திதியில ராணி சிரிச்சா விடுவாங்களா? ஒழுங்கா அழப் பழகுற வரைக்கும் பொறந்த வீட்டுல போய் இருன்னு அனுப்பிட்டாங்க. எங்களுக்கென்ன, கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி.

வந்தவ இந்த இடத்துல, நீங்க உக்காந்திருக்கிற இதே இடத்துல, முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்தா. என்னம்மான்னேன். அழணும் போல இருக்குப்பான்னா. அழேன், இங்க யாரு இலாக்கா ஆளுன்னேன். எப்படி அழறது, என் அப்பா நீங்க, நீங்க உயிரோட கூனி கிண்டிக்கிட்டு நிக்கிறீங்க, உயிரோட இருக்கிற அப்பனுக்கு அழுதா பாவம்னு சொல்லியிருக்காங்களேன்னா. அவ வெளையாட்டுக்குச் சொல்லல. நெசமாவே மாட்டிக்கிட்டு முழிக்கிறா. பெத்தவனுக்கு அழ உத்தரவில்ல. உத்தரவு உள்ளவன் சாகல.

நான் என்ன பண்ணினேன்? அகப்பையைக் கீழ வச்சேன். சரிம்மா, நான் கொஞ்ச நேரம் செத்துப் போறேன்னு சொல்லிட்டுத் தரையில மல்லாந்து படுத்துட்டேன். யோன்சில் ஒரு பாயைக் கொண்டாந்து மூஞ்சி வரைக்கும் போத்திவிட்டா. அவளுக்கு அதுல ரொம்ப சந்தோசம் போல, இழுத்து இழுத்துப் போத்தினா.

மொதல்ல மெதுவா ஒரு அப்பா வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் உடைஞ்சிருச்சுங்க. குதிரையில முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போவீங்களே அப்பா, என்னை ஒரு வார்த்தை கேக்காம அண்ணனைக் கட்டணும்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டீங்களே, நான் உங்க பொண்ணே இல்லேன்னு சொல்றாங்களே அப்பான்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழறா. பாயிக்குள்ள நான் அழறேன். பொணம் மூக்கு உறிஞ்சினதை எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

அழுகைச் சத்தம் கேட்டு ஊர் கூடிருச்சு. எந்திரிச்சா அவ அழுகை நின்னுரும், எந்திரிக்காட்டி என் மானம் போயிரும். படுத்தே கிடந்தேன். ஓக்பூன் அக்கா வந்து விழுந்து, உப்பைக் கம்மியாப் போட்டு என்னை ஏமாத்துவியே மகராசா, இனிமே யாரு என்னை ஏமாத்துவான்னு ஒப்பாரி வச்சா. என் சித்தி மவன், அந்தப் பெரிய ஜாடி ரெண்டும் எனக்குத் தர்றேன்னு அண்ணன் போன வாரம்தான் சொன்னாருன்னான். நான் எப்படா சொன்னேன்னு கேக்க வாய் துடிக்குது. ஆத்திரத்துல கால் கட்டைவிரல் ஆடிருச்சு.

அதைப் பாத்தது ஒரே ஒருத்தன். எங்களுக்கு உப்பு கொண்டாந்து இறக்குற படகுக்காரன் பாவு. நல்ல பய, பொண்டாட்டி இல்ல, அதிகம் பேச மாட்டான். விரல் ஆடினதைப் பாத்தான், அழற பொண்ணைப் பாத்தான். சத்தம் காட்டாம பாயைக் கீழ இழுத்து விரலை மூடினான். உசுரு இன்னும் முழுசாப் பிரியல, கூட்டம் நின்னா வழி தெரியாமத் திரும்பி வந்துரும், எல்லாரும் வெளிய போங்கன்னான். நான் திரும்பி வந்துரக் கூடாதேன்னு அத்தனை பேரும் ஓடிட்டாங்க. அவனும் வாசல்ல போய் முதுகைக் காட்டிக்கிட்டு, அவ அழுது முடிக்கிற வரைக்கும் நின்னான். ராணின்னு தெரியும் அவனுக்கு. ஆனாலும் விழுந்து கும்பிடல. அழறவளை எவனாவது கும்பிடுவானான்னு அப்புறம் என்கிட்ட கேட்டான்.

இதோட போச்சா? ராஜாவோட மாமனார் செத்துட்டாருன்னு தலைநகருக்கே சேதி போயிருச்சு. ஊர் அதிகாரி என்னைப் பாக்க வர்றதுக்குள்ள அங்கேருந்து பட்டும், காகிதக் கட்டும், ஒரு கூட்டம் பிட்சுக்களும் வந்து இறங்கிட்டாங்க. செத்தவனுக்குன்னு ஒரு புதுப் பட்டம் வேற. பிட்சுக்களுக்கு நான்தான் தேநீர் ஊத்தினேன். நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. ரொம்ப நெருங்கின சொந்தம்னேன். அப்புறம் விசயம் தெரிஞ்சு, ராஜா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டு, பியோ மான்சொக் உயிரோடிருக்கிறார், அவரே அரசியாரின் தந்தைன்னு நாலு வாசல்லயும் அறிவிக்கச் சொன்னாரு. நம்ம நாட்டுல உயிரோட இருக்கிறதுக்கு ராஜாகிட்ட உத்தரவு வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு திதிக்கும் அவ இங்க வந்துருவா. அரண்மனையில கேட்டா, இன்னும் அழுகை சரியா வரலன்னு சொல்லிருவா. நான் வருசா வருசம் செத்து எந்திரிப்பேன். பாவு வருசா வருசம் வாசல்ல நிப்பான். அன்னைக்கு மட்டும் உப்புப் படகு தவறாம வந்துரும்.

அந்த ராஜாவும் போய்ட்டாரு, பாவம். கள்ளாட்டம் ஆடினாலும் கெட்டவரு இல்ல. அவருக்கு இவ மனசாரத்தான் அழுதா. என்ன முறை சொல்லி அழுதேன்னு நான் கேக்கல. புள்ளை இல்லாத ராணிக்கு இங்க என்ன வேலை, பொறந்த வீட்டுக்கு அனுப்புன்னு மந்திரிங்க முடிவு பண்ணினாங்க. வந்து இறங்கினா. தலையில இருந்த ஊசியெல்லாம் ஒண்ணொண்ணாப் பிடுங்கி யோன்சில் கையில குடுத்துட்டு, அம்மா, இனிமே எவ்வளவு வேகமா வேணும்னாலும் நடக்கலாமில்லன்னு கேட்டா. கடற்கரை வரைக்கும் ஓடிட்டு வந்தா. ராணி ஓடுறா, ராணி ஓடுறான்னு ஊரே பின்னாடி ஓடுச்சு.

இப்ப வந்து பாருங்க, கூனி ஊறப் போடுறதுல என்னையே அதட்டுவா. அப்பா, உப்பு கம்மி, ஓக்பூன் பெரியம்மா திட்டுறது ஞாயம்தான்னுவா. நான் பெக்கல, வளக்கல. எந்த ஊர்லயோ பொறந்ததை எவனோ ஒரு தாடிக்காரன் கொண்டாந்து என் மடியில போட்டான். ஆனா வெக்கத்தை விட்டுச் சொல்றேன் ஐயா, அவ ஒரு வேளை எதிர்ல உக்காரலேன்னா எனக்குச் சோறு இறங்காது. இனிமே நீ அப்பன் இல்லேன்னு நீங்க படிச்சபோது, உசுரோட இருக்கேன்னு குடுத்த உத்தரவையும் சேத்து வாங்கிட்டுப் போக வந்துட்டீங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு.

சரி, இந்தப் புது ராஜா கணக்கு எனக்குப் புரியவே இல்ல. அவரும் கிழ ராஜா புள்ளைதானே? தாய் இல்லாத அந்தக் குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது இவதான். மூக்கு தொடச்சுவிட்டிருக்கா. இவ பட்டுல அவரு மூத்திரம் போயிருக்காரு. அவருக்கு இன்னும் மீசைகூட சரியா வரலன்னு கேள்வி. அரச வீட்டுப் பேரோட இவ உள்ள வந்தா அவருக்கு அக்கா. எங்க பியோ வீட்டுப் பேரோட வந்தா செத்துப் போன அண்ணன் பொண்டாட்டி, அண்ணி. அக்காளையும் கட்டக் கூடாது, அண்ணியையும் கட்டக் கூடாது. ஹான்னு பேரை மாத்திட்டா யாரோ ஒரு பொண்ணு. எந்தப் பாட்டியோட எந்தப் பாட்டி இந்த ஹான்? விடுங்க, உங்களுக்கே தெரியல. உள்நாட்டுல எந்த ஊர்லயோ ஹான்னு பேரு வச்ச ஒருத்தன் இந்நேரம் எதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டிருக்கானோ. அவன் பொண்டாட்டி என்ன கனவு கண்டாளோ!

நீங்க உத்தரவு கொண்டு வந்தவரு, உங்களை என்ன சொல்ல? ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தெளிவாச் சொல்லுங்க. நான் அப்பன் இல்லேங்கிறது எந்த நேரத்துலேருந்து செல்லும்? தொப்பியைக் கழட்டி உங்க கையில குடுக்கிற நேரத்துலேருந்துங்கிறீங்க. அதுக்கு முன்னாடி? அதுக்கு முன்னாடி, சட்டப்படி, ராஜா வார்த்தைப்படி, நான்தான் அப்பன். யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திப் பேச மாட்டீங்களே? இல்ல. நல்லதாப் போச்சு.

உள்ள சத்தம் கேக்குதா? சிரிக்கிறாங்க. தலை பின்னினது நேத்தே முடிஞ்சிருச்சுங்க. ஜாடி திறக்கவும் இன்னும் ஒரு மாசம் இருக்கு, வாசல்ல நிக்கிறது கல்யாணக் கூட்டம்.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லணுமா? மாப்பிள்ளை பொழுது சாய பொண்ணு வீட்டுக்கு வருவான், தங்குவான். மூணாம் நாள் பெரியவங்க முன்னாடி ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டு எந்திரிக்கணும். அதுக்குள்ள எவனாவது வந்து தடுத்தா கல்யாணம் செல்லாது. எந்திரிச்சுட்டா அந்த ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. பாவு முந்தாநாள் வந்தான். புருசன் செத்தவ மறுபடி கட்டிக்கிறதுக்கு நம்ம நாட்டுல தடை கிடையாது, அப்பன் சம்மதம் ஒண்ணு போதும். அப்பன் சம்மதம் இருந்துச்சு. யோன்சில் உள்ள பெரியவளா உக்காந்திருக்கா, நான் வெளிய உங்ககூட உக்காந்தேன். இப்பத்தான் ரெண்டும் சாப்பிட்டு எந்திரிச்சுதுங்க.

உக்காருங்க, உக்காருங்க. உள்ள போய் என்ன பண்ணுவீங்க? அடுத்தவன் பொண்டாட்டியக் கட்டிக்கிறதுக்கு எந்தப் பாட்டியோட பேரும் கிடையாது.

உங்க கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. அவ உடுத்தியிருக்கிற கல்யாணச் செவப்புப் பட்டு யாரு அனுப்பினதுன்னு நெனைக்கிறீங்க? எங்க கூனிக் காசுல வாங்குற பட்டா அது? போன மாசம் ஒரு ஆளு கூனி வாங்குற மாதிரி வந்து குடுத்துட்டுப் போனான். அந்தப் பையன், மன்னிக்கணும், ராஜா, மந்திரிங்க எதிர்ல வாயைத் தொறக்க முடியாம இருக்காராம். அக்கா, சீக்கிரம்னு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாரு.

இந்தாங்க தொப்பி. கச்சையும் எடுத்துக்குங்க. எனக்கு என்னைக்குமே அது இடுப்புல நின்னதில்ல.

என்னது, கேக்கலியா உங்களுக்கு? உள்ளேருந்து கூப்பிடுறா. அப்பா, சோறு ஆறுது, அந்த ஐயாவையும் கூட்டிக்கிட்டு வாங்கங்கிறா.

தொப்பி இப்ப உங்க கையிலதான் இருக்கு, ஐயா. அவ யாரைக் கூப்பிடுறா, நீங்களே சொல்லுங்க.

வந்துட்டேம்மா!